தழும்பில் தேதி இல்லை

புதுக்கோட்டைக் கோர்ட்டு வாசலில் நாகராசு என்று விசாரித்தால் பல பேருக்குத் தெரியாது. பி.எல். குமாஸ்தா என்று கேளுங்கள், டீக்கடைக்காரர் கையை நீட்டித் திருக்கோகர்ணம் பக்கம் வழி காட்டுவார். வக்கீலுக்குப் படித்துப் பாஸ் செய்துவிட்டு, வக்கீலுக்குக் குமாஸ்தாவாக இருக்கிறவன் எங்கள் பக்கத்தில் அவன் ஒருவன்தான். முதலில் யாரோ கேலிக்கு வைத்த பெயர் அது. பிறகு கட்சிக்காரர்கள் மரியாதையாகவே அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். இரண்டில் எது மோசம் என்று ஒருமுறை அவனைக் கேட்டேன். "ரெண்டாவதுதான்" என்றான்.

நானும் அவனும் காலேஜில் ஒரே பெஞ்சு. அவன் வல்லத்திராக்கோட்டை, நான் மீமிசல். பள்ளிக்கூடத்தில் தமிழிலும் காலேஜில் இங்கிலீஷிலும் படித்து, இரண்டிலும் பாதிப்பாதி யோசிக்கப் பழகியவர்கள். எனக்கு மாமாவின் ஜவுளிக்கடை, அதற்குப் பிறகு கப்பல் என்று முன்பே முடிவாகியிருந்தது. அவனுக்கு அப்படி எதுவும் இல்லை. தகப்பனார் ஆண்டியப்பன் அவன் காலேஜில் சேர்ந்த வருஷமே இறந்துபோனார். ஆத்தா கண்ணாத்தாள் நெல்லும் கடலையும் போட்டு அவனைப் படிக்கவைத்தார்.

இதைப் பினாங்கில் இருந்து எழுதுகிறேன். ஊரில் இதைப் படிப்பார்களே, யாராவது மனம் நோவார்களே என்று கவலையாகவே இருக்கிறது. அதனால் வக்கீலின் பெயரை மட்டும் மாற்றி, சபேசன் என்று வைத்திருக்கிறேன். நாகராசுவின் பெயரையும் மாற்றட்டுமா என்று எழுதிக் கேட்டேன். "மாத்தி என்னத்த ஆகப்போகுது, கெடக்கட்டும்" என்று பதில் வந்தது.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ஊரில் இருந்த பெரிய கோர்ட்டை மூடிவிட்டார்கள். பெரிய வழக்கென்றால் திருச்சிக்குப் போகவேண்டும் என்று ஆனது. பேர் வாங்கிய வக்கீல்கள் ஒவ்வொருவராகத் திருச்சிக்கும் மதராஸுக்கும் வீட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து நாகராசு, தான் வக்கீலுக்குப் படிக்கப்போவதாகச் சொன்னான்.

"எல்லாரும் மூட்டை கட்டிக் கெளம்புறப்ப நீ ஏன்டா மாப்ளே அங்க போயி நிக்கிறே" என்று கேட்டேன்.

"போறவுக போகட்டும். வரப்பை வெட்டுறவனும் வெட்டு வாங்குறவனும் இங்கிட்டுத்தானே இருக்கான். அவன் திருச்சிக்கா போவான்?"

பி.ஏ. முடித்து மதராஸில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தான். இரண்டு வருஷப் படிப்பு. முதல் வருஷப் பரீட்சையில் அவன் வாங்கிய மார்க்கைப் பார்த்து, நான் கடையில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் கிளாஸுக்கு ஒரு நூலிழை கீழே.

ஐம்பத்துமூன்றில், கடைசிப் பரீட்சைக்கு முந்தைய லீவுக்கு ஊருக்கு வந்தான். மெஸ் சாப்பாட்டை விட்டுவிட்டு, ஆத்தா கையால் சாப்பிட்டுக்கொண்டு படிக்கலாம் என்ற எண்ணம். வந்த வாரமே அம்மை போட்டுவிட்டது.

எங்கள் பக்கத்தில் அம்மைக்கு டாக்டர் கிடையாது. மாரியாத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிகிறவரை ஆள் வாசலைத் தாண்டக் கூடாது. எங்கள் மீமிசல் பள்ளிவாசல் தெருவிலும் ஏறக்குறைய இதே நடைமுறைதான். பெயர் சொல்லிக் கும்பிடுவதில்லை, அவ்வளவே.

அவன் கேட்டிருந்த புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு நான் வல்லத்திராக்கோட்டைக்குப் போனேன். வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டேன். கண்ணாத்தாள் எட்டிப் பார்த்தார்.

"போயிட்டு அப்பறமா வாங்க தம்பி" என்றார். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

பிறகு அவனைப் பார்த்தது புதுக்கோட்டை ஸ்டேஷனில். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். கைவிரல்களில் பக்கு இன்னும் உதிராமல் கருப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டாந் தண்ணிகூட இன்னும் ஊத்தலையேடா."

"மூணாந் தண்ணி வரைக்கும் பரீட்சை காத்துக்கிட்டிருக்குமா?" என்றான். கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியை விரல் படாமல் மணிக்கட்டால் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கையோடு இவன் எப்படி எழுதப்போகிறான் என்று எனக்குக் கடைக்குத் திரும்புகிறவரை ஒரே நினைப்பு.

எழுதினான். மூன்றாம் கிளாஸ். ஒரு பேப்பரில் விளிம்பில் தப்பியிருந்தான்.

பி.எல். வாங்கினால் மட்டும் கோட்டும் கவுனும் மாட்டிவிட முடியாது. சீனியர் வக்கீல் ஒருவரிடம் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருந்து, அவர் கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு நடக்கும். மதராஸில் தங்கி அதைச் செய்ய அவனுக்கு வழியில்லை. புதுக்கோட்டையில் மிஞ்சியிருந்த சீனியர்கள் சொந்தக்காரப் பையன்களையே சேர்த்துக்கொண்டார்கள். அசலூர்க்காரன், படிக்காத வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் சேர்த்த ஆபீஸ் ஒன்றே ஒன்று, திருக்கோகர்ணத்தில் சபேசனுடையது. ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மூன்றாம் கிளாஸை வாசல் ஏற விடமாட்டார்.

விண்ணப்பத்தைக் கீழ ராஜ வீதியில் எங்கள் கடையில், துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம். மார்க்கு ஏன் விழுந்தது என்பதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். உடல்நலக் குறைவு காரணமாக என்று இங்கிலீஷில் அது சுலபமாக வந்துவிட்டது. எழுதிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். அதே சங்கதியைத் தமிழில் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

சபேசன் கூப்பிட்டனுப்பினார். நானும் துணைக்குப் போனேன். மெலிந்த ஆள். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். மேஜைமேல் ஒரு கண்ணாடிக் குண்டு, காகிதம் பறக்காமல் வைப்பது. அதை உள்ளங்கையால் உருட்டிக்கொண்டே இருப்பார். உருட்டல் நின்றால் கேள்வி வருகிறது என்று அர்த்தம்.

"முதல் வருஷம் நல்லா வாங்கியிருக்கே. ரெண்டாவது வருஷம் விழுந்துட்டே. என்ன ஆச்சு?"

"ஒடம்புக்கு முடியாமப் போச்சுங்க சார். லெட்டர்ல எழுதியிருக்கேன்."

"படிச்சேன். நல்ல இங்கிலீஷ். ஒடம்புக்கு என்ன?"

நாகராசு குரலைத் தாழ்த்தினான். "அம்மைங்க."

"எந்த டாக்டர் பார்த்தார்?"

"டாக்டர் யாரும் பாக்கலைங்க. எங்க பக்கம் அதுக்கு டாக்டரக் கூப்பிடுற வழக்கம் இல்லைங்க."

"அப்ப அம்மைன்னு சொன்னது யாரு?"

"ஊருக்கே தெரியுங்க சார்."

"ஊரை நான் கூண்டுல ஏத்த முடியாதே."

நாகராசு சட்டையின் மேல் பொத்தானில் கை வைத்தான். "தழும்பு இருக்குங்க. நெஞ்சு, முதுகு பூராவும். காட்டுறேங்க."

"வேண்டாம், சட்டையைக் கழட்டாதே. தழும்பு எனக்கும்தான் இருக்கு. போன பங்குனியில வந்துதா, பத்து வயசுல வந்துதான்னு தழும்புல தேதி போட்டிருக்கா?"

பக்கத்து மேஜையில் இருந்த ஜூனியர் சிரித்தார். நான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தேன்.

"நான் பார்த்தேங்க சார்."

"நீ யாரு?"

"தாவூதுங்க. கூடப் படிச்சவன்."

"எதைப் பார்த்தே?"

"வாசல்ல வேப்பிலை செருகியிருந்துச்சுங்க."

"உள்ள போயி ஆளைப் பார்த்தியா?"

"உள்ள விடமாட்டாங்களே சார்."

"அப்ப நீ பார்த்தது வேப்பிலை. என் வீட்டு வாசல்ல வேப்பமரமே நிக்குது, யாருக்கும் ஒண்ணும் வரலே."

"ஸ்டேஷன்ல பார்த்தேங்க. கையில பக்கு உதிராம இருந்துச்சு."

குண்டு நின்றது. "தொத்துற சீக்கோட ரயில் ஏறினான், அதோடயே நூறு பையன்களுக்கு நடுவுல ஹால்ல உட்கார்ந்தான்னு சொல்றே. யோசிச்சுச் சொல்லு தம்பி. இது ஒன் சிநேகிதனுக்கு உதவுற சாட்சியமா, இல்லே அவனுக்கு எதிரான சாட்சியமா?"

நான் நாகராசுவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

அவர் முரட்டு மனிதர் இல்லை. குரலை உயர்த்தவே இல்லை. "நான் முடியாதுன்னு சொல்லலே" என்றார். "காரணம் நிரூபணமாச்சுன்னா இதைத் தேர்ட் கிளாஸா நான் எடுத்துக்க மாட்டேன். டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டா. இல்லே, பக்கத்துல இருந்து பார்த்தவங்க யாராவது வந்து சொல்லட்டும்."

டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அன்னைக்குப் பாக்காத அம்மைக்கு இன்னைக்கு எப்படிப்பா சர்ட்டிபிகேட் தர்றது? டைபாய்டுன்னு எழுதித் தரட்டுமா? அது தழும்பு வைக்காது. யாரும் கிண்டிக் கேக்க மாட்டாங்க."

நாகராசு கும்பிடு போட்டுவிட்டு எழுந்துவிட்டான். எனக்கு ஆத்திரம். தெருவுக்கு வந்ததும், "வாங்கியிருக்கலாம்லடா" என்றேன்.

"கோர்ட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முந்தியே பொய்யில ஆரம்பிக்கவா?" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அதுகூடப் பரவால்லடா. மாரியாத்தா வந்ததுக்கு வேற பேரு எழுதி வாங்குனேன்னு தெரிஞ்சா எங்க ஆத்தா தாங்காது" என்றான்.

அப்போதுதான் அழகியைப் பற்றிச் சொன்னான். அவனுக்கு மூத்தவள். சின்னப் பிள்ளையில் அம்மை போட்டுப் படுத்திருந்தபோது, பிள்ளை படும் பாட்டைப் பார்க்க முடியாமல் கண்ணாத்தாள் தெருவில் நின்று, இப்படி ஒரு நோயைக் கொடுத்துவிட்டாயே என்று மாரியாத்தாளைத் திட்டியிருக்கிறார். மறுநாள் அழகி போய்விட்டாள். தன் வாய்தான் பிள்ளையைக் கொன்றது என்று கண்ணாத்தாளுக்கு முடிவாகிவிட்டது. அதிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பேச்சைக் குறையாக யாரும் எடுப்பதில்லை.

"பக்கத்துல இருந்தது ஆத்தா மட்டுந்தான். மாரியாத்தா வந்தாங்க, போனாங்கன்னு சொல்லிட்டாப் போதும். அதுல என்ன கொறை இருக்கு?" என்று நாகராசு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறுபடி போய்ச் சபேசனிடம் சொன்னோம். அவர், "சரி, அடுத்த வாரம் ஒரு வாய்க்கால் தகராறுக்கு இடம் பார்க்க உங்க ஊர்ப் பக்கம் வரேன். நானே கேட்டுடறேன். ஒண்ணு மட்டும். முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தே, கண்டுபிடிச்சுடுவேன். முப்பது வருஷமா அதைத்தான் பண்ணிண்டிருக்கேன்" என்றார்.

"சொல்ல மாட்டேங்க சார்."

அந்த ஒரு வாரமும் நான் அவனை நச்சரித்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை காதில் போட்டு வை என்றேன். அவன் மசியவில்லை. "சொல்லிக் குடுத்த சாட்சியோட நான் ஏன் உள்ள போகணும்? உண்மைதானே, அதுவா வரட்டும்" என்றான்.

சபேசன் காரிலேயே எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். கண்ணாத்தாள் வெயிலில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். காரைக் கண்டதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி, செம்பில் மோர் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிவரப் போனவரைச் சபேசன் தடுத்தார்.

"உட்கார நேரமில்லேம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். போன பரீட்சைக்கு முந்தி உங்க மகன் லீவுல வந்திருந்தானே, அப்ப அவனுக்கு ஒடம்புக்கு ஏதாவது வந்துதா?"

கண்ணாத்தாள் மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்கய்யா" என்றார்.

"காய்ச்சல்?"

"எம் மகனுக்கு ஒரு நோவும் வரலீங்க. கல்லு மாதிரி இருந்தான்."

"அம்மை ஏதாவது போட்டுதா?"

அவர் கை இரண்டும் தானாக எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டன. "அப்புடியெல்லாம் கேக்காதீங்கய்யா. அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"ஆத்தா, மாரியாத்தா நம்ம வீட்டுக்கு…" என்று நாகராசு ஆரம்பித்தான். சபேசன் கையை உயர்த்தினார்.

"சாட்சிக்கு வாயில வார்த்தையை ஊட்டாதே."

கண்ணாத்தாளுக்கு இது எதுவும் விளங்கவில்லை. பெரிய மனிதர் வந்திருக்கிறார், மகனுக்கு வேலை விஷயம் என்பது மட்டும் விளங்கியிருந்தது. சபேசன் காரில் ஏறும்போது பின்னாலேயே வந்து, "சீக்குக்காரப் பய இல்லீங்கய்யா. நல்லா ஒழைப்பான். அவனச் சேத்துக்குங்க" என்றார்.

திரும்பும்போது நாகராசு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் பின்சீட்டில் சபேசனோடு. ஊர் எல்லை தாண்டியதும் நான்தான் கேட்டேன்.

"அந்த அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நீங்களும் பார்த்தீங்கதானே சார்."

"பார்த்தேன். என் வீட்டுக்காரியும் அப்படித்தான். நார்த்தாமலை மாரியம்மனுக்கு வேண்டிண்டாள்னா அந்தப் பேச்சுக்கு வாயே திறக்க மாட்டா."

"அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சே சார்."

"தெரியும் தம்பி. தெரியறது வேற, நிரூபணமாகறது வேற. இன்னைக்கு இவனுக்குத் தளர்த்தினேன்னா நாளைக்கு அத்தனை தேர்ட் கிளாஸும் கையில வேப்பிலையோட வந்து நிப்பான்."

நாகராசு திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பிடரியில், காலருக்கு மேலே, பள்ளமாக ஒரு தழும்பு தெரிந்தது. சபேசன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது நன்றாகவே தெரிந்திருக்கும்.

கார் ஆபீஸ் வாசலில் நின்றதும் அவர் நாகராசுவைக் கூப்பிட்டார். "கையெழுத்து நல்லா இருக்கு. இங்கிலீஷும் சுத்தமா இருக்கு. குமாஸ்தாவா வேணா இரேன். ஒரு வருஷம் வேலை பார்ப்போம். அப்புறம் யோசிக்கலாம்."

ஒத்துக்கொள்ளாதே என்று நான் கண்ணால் சொன்னேன். அவன் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுவிட்டான். வாசலுக்கு உள்ளே இருந்தால் ஒருநாள் அழைப்பார், வெளியே இருந்தால் அதுவும் இல்லை என்று கணக்குப் போட்டான்.

வீட்டுக்குப் போனதும் கண்ணாத்தாள், "சேத்துக்கிட்டாகளா?" என்று கேட்டிருக்கிறார். "சேத்துக்கிட்டாங்க ஆத்தா" என்று இவன் சொல்லியிருக்கிறான். அதற்கப்புறம்தான் அவர் வேண்டுதலைச் சொன்னாராம். மகன் பிழைத்து எழுந்தால் அடுத்த பங்குனியில் நார்த்தாமலையில் தீச்சட்டி எடுப்பதாகவும், அதை எடுத்து இறக்குகிறவரை மாரியாத்தா வந்துபோனதைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்றும் வேண்டியிருந்தார். அழகி விஷயத்தில் செய்ததை இந்தப் பிள்ளை விஷயத்தில் செய்யக் கூடாது என்று கெட்டியாக இருந்திருக்கிறார். நாகராசு இதை என்னிடம் சொல்லிவிட்டு, "ஆத்தா காதுக்கு எதுவும் போகக் கூடாது, தாவூது" என்றான்.

பங்குனியில் நானும் நார்த்தாமலைக்குப் போயிருந்தேன். கண்ணாத்தாள் மஞ்சள் சேலையில், இரண்டு கைகளிலும் தீச்சட்டியை ஏந்திக் கோயிலைச் சுற்றி வந்தார். பின்னாலேயே நாகராசு வேப்பங்கொத்தோடு நடந்தான். சட்டியை இறக்கிவிட்டு, "எம் மகன வக்கீலாபீசுல சேத்துவிட்டே தாயி" என்று கும்பிட்டார். நாகராசு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேண்டுதல் தீர்ந்துவிட்டது, இனி ஆத்தா பேசும் என்று அவன் மறுநாளே சபேசனிடம் போனான். "இப்பக் கூட்டியாந்தா எல்லாத்தையும் சொல்லுவாங்க சார்." கண்ணாடிக் குண்டு உருண்டுகொண்டே இருந்ததாம்.

"முதல்ல இல்லேன்னு சொன்ன சாட்சி, அப்புறம் ஆமான்னு சொன்னா நீயே ஜட்ஜா இருந்து சொல்லு, எதை நம்புவே? இருக்கட்டும். அடுத்த வருஷம் யோசிக்கலாம்."

அடுத்த வருஷம் மதராஸிலிருந்து ஒரு பையன் அப்ரண்டிஸாக வந்தான். அவனுக்குப் பிராது எழுதக் கற்றுக்கொடுத்தது நாகராசு. அவன் வக்கீலாகிப் போன பின் இன்னொருவன். வரும்போது "நாகராசு சார்" என்பார்கள். கவுன் மாட்டிய மறுவாரம் "நாகராசு, அந்தக் கட்டை எடும்" என்பார்கள். கட்சிக்காரர்கள் கோர்ட்டில் தோற்றால் வெளியே வந்து இவனிடம் சண்டை பிடிப்பார்கள். ஜெயித்தால் நேராக வக்கீல் வீட்டுக்கு மாம்பழக் கூடையோடு போவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், "வக்கீலுக்குப் படிச்சவரு ஏன் குமாஸ்தாவா இருக்காரு, மூளையில ஏதும் கோளாறா?" என்று ஜாடையாகக் கேட்டார்களாம். "ஒடம்புல ஒரு கோளாறும் இல்லைன்னு எங்க ஆத்தாவே சாட்சி சொல்லியிருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு செவந்தியைக் கட்டினான். நல்ல பெண். அவளும் கேட்டாள், வேறு வக்கீலிடம் போனால் என்ன என்று. போய்ப் பார்த்தான். சபேசன் சேர்க்காதவனைத் தாங்கள் சேர்த்தால் நன்றாயிருக்காது என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

நான் ஐம்பத்தெட்டில் பினாங்குக்கு வந்துவிட்டேன். அறுபத்துநாலில்தான் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். கோர்ட்டு எதிரே அதே டீக்கடையில் அவனைப் பார்த்தேன். தலை முன்பக்கம் வெளுத்திருந்தது. முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். அம்மைத் தழும்பை மறைக்க ஆரம்பித்த பழக்கம், வெயில் காலத்திலும் விடவில்லை.

"சபேசன் சாரோட சின்ன மகனுக்கு அம்மை போட்டுச்சு, தெரியுமா?" என்றான்.

"எப்ப?"

"போன வருஷம். லா படிச்சுக்கிட்டிருந்தான். பரீட்சை லீவுக்கு வந்த எடத்துல. அந்தம்மா வாசல்ல வேப்பிலை வச்சிருச்சு. டாக்டர உள்ள விடலை. பையன் பரீட்சை எழுதித் தேர்ட் கிளாஸ்."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"மெதுவாக் குடி, சட்டையில ஊத்திக்காதே" என்றான். "மதராஸ்ல ஒரு பெரிய வக்கீல் கம்பெனி. அங்க பையனச் சேக்கணும். என்னைக் கூப்பிட்டாரு. லெட்டர் அடி, ஒடம்பு சரியில்லாம மார்க்கு கொறைஞ்சு போச்சுன்னாரு. அடிச்சேன். சான்று என்ன சார் சேக்கிறதுன்னு கேட்டேன்."

"கேட்டியா?"

"கேக்காம? ஆபீஸ் நடைமுறைதானே. எம் மொகத்தப் பாக்காமலே, நீதான் தெனமும் வீட்டுக்கு வந்து போனியே, ஒன் பேர்ல ஒரு பிரமாணப் பத்திரம் போடுன்னாரு. நான் உள்ள போயிப் பாக்கலையே சார், வேப்பிலையத்தானே பார்த்தேன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அந்தக் கண்ணாடிக் குண்டு இருக்கே, அது நின்னுச்சு. எழுதுன்னாரு. எழுதுனேன். பொய் ஒண்ணும் இல்ல. அந்தப் பையனுக்கு வந்தது நெசம். கையெழுத்தும் போட்டேன், பேருக்குப் பின்னால பி.எல்.லுன்னு. அவரு பாத்தாரு. அதைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லலை."

"சேத்துக்கிட்டாங்களா?"

நாகராசு டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "டிரங்கால் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். அந்தப் பக்கத்துப் பெரியவரு சொல்றாரு, ஒங்க மகனுக்கு எதுக்கு சார் இந்தக் காயிதமெல்லாம், திங்கக்கெழமை வரச் சொல்லுங்கன்னு. அவுக பிரிச்சே பாக்கலை. ரெண்டு நாள்ல திரும்பி வந்திருச்சு. கிழிச்சுப் போட்டுருன்னாரு."

"கிழிச்சியா?"

"சொன்னதச் செய்யறதுதானே குமாஸ்தா வேலை."

உன்னைப் பற்றி அப்போதாவது ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். "சொன்னாரு. அடுத்த வருஷம் ஒன் விஷயத்தையும் யோசிக்கணும்னாரு. எனக்கு ஒரு ஆச்சரியம் தாவூது. அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

சாயங்காலம் அவனோடு வல்லத்திராக்கோட்டைக்குப் போனேன். கண்ணாத்தாளுக்குப் பார்வை மங்கியிருந்தது, குரல் மட்டும் கணீரென்று இருந்தது. செவந்தி அவித்த கடலையைச் சுளகில் கொண்டுவந்து வைத்தாள். கண்ணாத்தாள் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார். இப்போதெல்லாம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதுதானாம். வேண்டுதல்தான் தீர்ந்துவிட்டதே.

"அன்னைக்கு நீங்க தெருவுல நின்னீகளே தம்பி, அன்னைக்குக் காலையிலதான் இவனுக்கு மொகத்துல முத்துப் போட்டுச்சு. பங்குனி மொதச் செவ்வாக்கெழம. மொதல்ல நெத்தியில ஒரே ஒரு முத்து. விடியறதுக்குள்ள முதுகு பூரா. கண்ணு ரெண்டும் ஒட்டிக்கிருச்சு. பொஸ்தகம், பொஸ்தகம்னு பெனாத்துறான். நான் எடுத்து நெஞ்சுமேல வச்சேன், பிடிக்கக்கூட முடியல. பூசாரி வாசல்லயே நின்னு ரெண்டாந் தண்ணிக்கு இன்னும் நாளு இருக்குன்னாரு. இந்தப் பய கேக்காமப் பொறப்பட்டுட்டான்…"

கிழமை, வேளை, வாசல்வரை வந்துபோனவர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடவில்லை. எந்தக் கோர்ட்டிலும் அசைக்க முடியாத சாட்சியம். அன்று அந்தக் கடலை காய்ந்த களத்தில் இவ்வளவும் அவருக்குள்ளேயே இருந்தது.

சொல்லி முடித்து, என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த வக்கீலய்யா வந்து கேட்டாகளே. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு. ஆனாலும் மூச்சு விடலயே நானு. ஏதாச்சும் வாயத் தொறந்திருந்தா, சீக்குப் புள்ளன்னு எம் மகனத் தள்ளியிருப்பாகள்ல? நான் சரியாத்தானே தம்பி சொன்னேன்?"

நான் நாகராசுவைப் பார்த்தேன். அவன் கடலையை உரித்து ஆத்தாவின் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"சரியாத்தான் சொன்னே ஆத்தா" என்றான். "நீ சொன்னதக் கேட்டுத்தான் அவுக முடிவு பண்ணுனாக."

கண்ணாத்தாள் நார்த்தாமலைத் திசையாகத் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பேரக் குழந்தையைக் கூப்பிட்டு, மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் கடலை கொண்டுவரச் சொன்னார்.